யார் யாரிடம் போவது?
(நலத்திட்டங்களும் நோயாளியின் கட்டிலும் பற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமூக நலம் என்று பேச்செடுத்தால் முதலில் தொகைதான் வந்து நிற்கும். எத்தனை கோடி ஒதுக்கினார்கள், எத்தனை லட்சம் பேருக்குக் கிடைத்தது, முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். தவறில்லை. 1962-இல் சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். 2023-இல் தமிழ்நாட்டில் அது 1,200 ரூபாய் ஆனது. அதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். 2007-இலும் அதே 200தான். இந்தக் கணக்கைக் கேட்டுச் சண்டை போட வேண்டியது அவசியம்.

ஆனால் தொகையைக் கேட்பவர்கள் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. யார் யாரிடம் போவது?

நலத்திட்டம் எதை எடுத்தாலும் அதற்கு ஒரு திசை இருக்கிறது. பெரும்பாலும் மனிதர் அலுவலகத்தை நோக்கி நடக்கிறார். வி.ஏ.ஓ.விடம் சான்று, தாலுகா அலுவலகத்தில் மனு, வங்கியில் ஆயுள் சான்று, ரேஷன் கடையில் விரல் ரேகை. நடக்கத் தெம்பு உள்ளவருக்கு இது அலைச்சல், அவ்வளவுதான். பக்கவாதத்தில் படுத்துவிட்டவருக்கு இது மூடிய கதவு. உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகையே விழாத கிழவிக்கு, தான் தான்தான் என்று ஓர் இயந்திரத்திடம் நிரூபிக்க வேண்டிய நிலை. யாருக்கு உதவி மிகவும் தேவையோ அவரால்தான் உதவி இருக்கும் இடத்துக்கு வர முடியாது. திட்டம் தீட்டுபவர்களுக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் திசையை மாற்றுவது கடினம். ஏனென்றால் அலுவலகம் நடக்க வேண்டுமென்றால் அதற்கு வண்டி வேண்டும், ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

அப்படித் திசையை மாற்றிய ஒரு முயற்சி நமக்குப் பக்கத்திலேயே, வாளையாறு எல்லையைத் தாண்டினால் இருக்கிறது. கேரளத்தின் நோய் ஆதரவு சிகிச்சை. அந்த ஊர்க்காரர்கள் அதைப் 'பாலியேட்டிவ்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். தம் தொழில் வாழ்வில் நடந்த ஒன்றை அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். வாயில் புற்றுநோயோடு ஒரு கல்லூரி ஆசிரியர் அவரிடம் அனுப்பப்படுகிறார். முகத்தில் தாங்க முடியாத வலி. ராஜகோபால் நரம்பில் ஊசி போட்டு வலியை மரக்கச் செய்கிறார். வலி போய்விட்டது. 'இனி எப்போது வரட்டும்?' என்று அவர் கேட்கிறார். நோய் குணமாகும் கட்டத்தைத் தாண்டிவிட்டது, இனி வர வேண்டியதில்லை என்கிறார் மருத்துவர். அந்த மனிதருக்குத் தம் நோய் குணமாகாது என்பது அதுவரை தெரியாது. வீட்டுக்குப் போனவர் அன்றிரவே உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்புக்கு வைத்தியம் பார்த்தேன், மனிதருக்குப் பார்க்கவில்லை என்பது ராஜகோபால் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடத்தின் சாரம்.

1993-இல் அவரும் டாக்டர் சுரேஷ் குமாரும் சில நண்பர்களும் சேர்ந்து அந்த மருத்துவக் கல்லூரி வளாகத்தில் வலி மற்றும் ஆதரவு சிகிச்சைக்கான ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். முன்மாதிரி இங்கிலாந்திலிருந்து வந்தது. செவிலியராகத் தொடங்கி, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவமும் படித்துத் தேறிய சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தார். சாகும் தறுவாயில் உள்ளவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை. மனத்திலும் குடும்பத்திலும் கையிருப்பிலும் இருக்கிறது என்பதை மருத்துவ உலகத்துக்குப் புரியவைத்தவர் அவர். இந்தியாவில் அந்த வழியில் முதல் இல்லம் 1986-இல் மும்பையில் வந்தது: சாந்தி அவேத்னா சதன். நல்ல கட்டடம், படுக்கைகள், பார்த்துக்கொள்ள ஆட்கள்.

கோழிக்கோட்டில் ஒரு சிக்கல் தெரிந்தது. புற நோயாளிகள் பிரிவுக்கு நோயாளி ஒருமுறை வருவார், இரண்டாம் முறை வருவார், பிறகு வரமாட்டார். குணமாகிவிட்டதால் அல்ல. உட்கார முடியாதவரை ஜீப்பில் படுக்கவைத்து வயநாட்டு மலையிலிருந்து இறக்க ஆகும் வாடகை அந்தக் குடும்பத்தின் பல நாள் கூலி. கூட வருபவருக்கு அன்றைய கூலியும் போச்சு. படுக்கைகளைக் கூட்டினால் தீருமா? தீராது. நோயாளி கடைசி வரை கிடக்கப்போவது வீட்டில்தான். அப்படியானால் சிகிச்சை அங்கே போக வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலப்புறம் மாவட்டத்தில் அது வேகமெடுத்தது. அக்கம்பக்கத்தார் வலையமைப்பு என்று அதற்குப் பெயர். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்த யார் வேண்டுமானாலும் வரலாம். பதினாறு மணி நேர வகுப்பு, பிறகு வீட்டுக்கு வீடு போகும் குழுவோடு சில நாள் நேரடிப் பயிற்சி. ஓய்வு பெற்ற வாத்தியார், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவி, வளைகுடாவிலிருந்து திரும்பியவர் என்று கலவையான கூட்டம். பணம்? கடை கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் உண்டியல். பஸ் தொழிலாளிகள் ஒருநாள் வசூல், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சில்லறை, பள்ளிவாசல் நன்கொடை. பெரிய நிறுவனத்தின் காசோலைக்குக் காத்திருக்காமல் ஊர்ச் சில்லறையில் ஓடிய வண்டி அது.

மருத்துவர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. படிப்பில்லாதவன் புண்ணைத் தொடலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் எந்தப் புண் என்பதையும் பார்க்க வேண்டும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவருக்கு வரும் புண்ணில் பெரும்பாலானவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாததால் வருபவை. அதைத் தடுக்க எம்.டி. பட்டம் வேண்டியதில்லை. புரட்டத் தெரிந்த இரண்டு கைகளும், எப்படிப் புரட்டுவது என்று மருமகளுக்குக் கற்றுக்கொடுக்க ஒருவரும் போதும்.

வீட்டுக்குப் போகும் குழுவின் ஒருநாள் வேலையைப் பார்த்தால் இந்த மருத்துவத்தின் அளவு புரியும். ஒரு நர்ஸ், கூட இரண்டு மூன்று தொண்டர்கள், ஒரு வண்டி. முதல் வீட்டில் சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார்கள். அடுத்த வீட்டில் மார்பகப் புற்றுநோய் வெடித்துப் புண்ணாகி, நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் அறைக்குள் வருவதில்லை. நர்ஸ் செய்வது எளிய வேலை: மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணின் மேல் தூவிக் கட்டுகிறார். நாற்றத்துக்குக் காரணமான கிருமிகள் சாகின்றன; சில நாளில் நாற்றம் அடங்குகிறது. சில ரூபாய் மாத்திரைதான். அதனால் உயிர் ஒருநாள்கூட நீளாது. ஆனால் பேரப்பிள்ளை கட்டிலருகே வந்து உட்காரும். வேறொரு வீட்டில் மார்ஃபின் மாத்திரை. நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, இரவில் தூங்கும் நேரத்துக்கு இரட்டை அளவு, கூடவே கட்டாயம் மலமிளக்கி.

நர்ஸ் கட்டுப்போடும் நேரத்தில் தொண்டர் திண்ணையில் வேறு விவரம் விசாரிக்கிறார். அடுப்பு எரிகிறதா, பையன் பள்ளிக்கூடம் போகிறானா, பென்ஷனுக்கு மனுப் போட்டாயிற்றா. சம்பாதித்தவர் படுத்துவிட்டார், பார்த்துக்கொள்ள மனைவியும் வேலையை விட்டுவிட்டார் என்றால் அந்த வீட்டுக்கு மாத்திரைக்கு முன்னால் அரிசி வேண்டும். பல ஊர்களில் மாதாமாதம் அரிசி மளிகைப் பையும், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் 'பாலியேட்டிவ்' கணக்கிலேயே போகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் கோழிக்கோட்டில் உள்ள ஆதரவு சிகிச்சை நிறுவனத்தைத் தன் ஒத்துழைப்பு மையமாக ஏற்றுக்கொண்டது. ஆதரவு சிகிச்சை தேவைப்படுபவர்களில் உலக அளவில் சுமார் 14 சதவீதம் பேருக்கே அது கிடைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இதுவரை கேட்டவர்களுக்கு இது அன்பின் கதையாகத் தோன்றியிருக்கும். கேரளத்துக்குப் போய்வந்து எழுதுபவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அன்பு இருந்தது உண்மை. ஆனால் அன்பினால் மட்டும் ஒரு மார்ஃபின் மாத்திரையைக்கூட வாங்க முடியாது.

அந்தக் கதை தனி. மார்ஃபின் அபினியிலிருந்து வருகிறது. சட்டப்படி அபினிப் பால் எடுக்கும் நாடுகளில் முதன்மையானது இந்தியா. மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர், ராஜஸ்தானின் சித்தோர்கர் பகுதிகளில் அரசு உரிமத்தோடு விவசாயிகள் பயிரிடுகிறார்கள். நீமச்சிலும் உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள். இங்கிருந்து அபினி கப்பலேறிப் போய் வெளிநாட்டு நோயாளிகளின் வலியை ஆற்றுகிறது. உள்நாட்டில்? 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடும் தண்டனை. மார்ஃபின் வைத்துக்கொள்ள ஒன்று, கொண்டுவர ஒன்று, வேறு மாநிலத்திலிருந்து இறக்க ஒன்று என்று உரிமத்துக்கு மேல் உரிமம். கலால் துறை ஒரு பக்கம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு பக்கம். ஒன்றைப் புதுப்பிப்பதற்குள் இன்னொன்று காலாவதியாகும். கணக்கில் ஒரு மாத்திரை பிசகினாலும் வழக்கு வருமோ என்று மருத்துவமனைகள் மார்ஃபினையே கைகழுவின. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மருத்துவப் பயன்பாடு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 1997-இல் இவ்வளவு பெரிய நாடு முழுவதற்கும் பயன்பட்டது 18 கிலோ. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே படித்து முடித்தார்கள்.

கள்ளக்கடத்தலை நினைத்து எழுதிய சட்டம் கட்டிலில் கிடந்தவரைத் தண்டித்தது. எழுதியவர்கள் கொடியவர்கள் அல்லர். எழுதும்போது அவர்கள் கண்முன் நோயாளி இல்லை, அவ்வளவுதான். அதைத் திருத்தக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1998-இல் மத்திய அரசு எளிய மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. கேரளம் முன்வரிசையில் ஏற்றது. பல மாநிலங்கள் கோப்பில் வைத்துக்கொண்டன. 2007-இல் இந்திய ஆதரவு சிகிச்சைச் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ராஜகோபால் 2003-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பும் மற்றவர்களும் டெல்லியில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். 2014 பிப்ரவரியில், அப்போதைய மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடரில், திருத்தம் நிறைவேறியது. அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று ஒரு வகை வந்தது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒற்றை அனுமதியில் வாங்கலாம், நாடெங்கும் ஒரே விதி. வீட்டுக்கு வரும் நர்ஸின் பையில் அந்த மாத்திரை இருப்பதற்குப் பின்னால் இத்தனை காகிதம் இருக்கிறது. தொண்டுள்ளம் பற்றிய கட்டுரைகளில் இந்தக் காகிதம் வருவதில்லை.

அன்பினால் மட்டும் முடியாத இரண்டாவது, சம்பளம். உண்டியல் பணத்தில் ஒரு மாவட்டம் ஓடலாம். ஒரு மாநிலம் ஓடாது. வசதியுள்ள ஊரில் உண்டியல் நிறையும், வறண்ட ஊரில் நிறையாது. நோய் அந்த வித்தியாசம் பார்த்து வருவதில்லை. 2008-இல் கேரள அரசு ஆதரவு சிகிச்சைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது; இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அதன் மையம் மருத்துவமனை அல்ல, ஊராட்சி. ஒவ்வொரு ஊராட்சியும் தன் திட்ட நிதியிலிருந்து ஒரு நர்ஸை அமர்த்த வேண்டும், வண்டிக்கு வாடகை தர வேண்டும், மருந்து வாங்க வேண்டும். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு இறங்கியது. அந்த வாய்க்கால் முன்பே வெட்டப்பட்டிருந்ததால்தான் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இந்தத் தண்ணீர் பாய முடிந்தது.

கட்சிகளும் வந்து சேர்ந்தன. கண்ணூரில் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களின் ஆதரவு சிகிச்சை அமைப்பு, முஸ்லிம் லீக்குக்குப் பூக்கோயா தங்ஙள் பெயரில் ஒன்று. மேடையில் ஒருவரையொருவர் கிழித்துக்கொள்பவர்கள், யார் அதிக வீட்டில் புண்ணுக்குக் கட்டுப்போட்டோம் என்று போட்டி போடுகிறார்கள். அரசியல் கலந்துவிட்டதே என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். இதைவிட நல்ல போட்டி அரசியலில் வேறு என்ன இருக்கிறது?

கேரளத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதல்ல. அரசுத் திட்டமான பிறகு வருகை பதிவேட்டுக்குள் போய்விட்டது என்ற குறை உண்டு. மாதம் ஒருமுறை வந்து ரத்த அழுத்தம் பார்த்து, கையெழுத்து வாங்கி, அடுத்த வீட்டுக்குக் கிளம்பும் பழக்கம். ஊராட்சி நர்ஸ்கள் பெரும்பாலும் ஒப்பந்தச் சம்பளத்தில் வேலை பார்க்கிறார்கள். தொடக்க காலத் தொண்டர்கள் தாங்களே முதியவர்களாகிவிட்டார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.6 சதவீதம், நாட்டுச் சராசரி 8.6. பிள்ளைகள் துபாயிலும் லண்டனிலும் இருக்க, இரண்டு கிழங்களில் ஒன்று இன்னொன்றைப் புரட்டிப் போடும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன.

இன்னொன்று, பலரும் மெல்லச் சொல்லிவிட்டு நகரும் விஷயம். 'வீட்டிலேயே பராமரிப்பு' என்றால் யார் பராமரிப்பு? நர்ஸ் மாதத்தில் சில மணி நேரம் வருகிறார். மிச்ச நேரம் மனைவி, மகள், மருமகள். இரவில் எழுந்து புரட்டுவது, பீயும் மூத்திரமும் அள்ளுவது, குழாய் வழியே கஞ்சி ஊற்றுவது எல்லாம் அவர்கள்தான். இதற்காகக் கேரளத்தில் 'ஆசுவாசகிரணம்' என்ற திட்டம் உண்டு. படுக்கையில் கிடப்பவரை முழுநேரம் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய். நாளுக்கு 20 ரூபாய். அதுவும் மாதக்கணக்கில் பாக்கி விழுவது வாடிக்கை. வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் உழைப்பை இலவசம் என்று எழுதிக்கொண்டால் எந்தத் திட்டமும் சிக்கனமாகத்தான் தெரியும்.

இனி நம் பக்கம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பெயரிலேயே திசை இருக்கிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கு வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் ஆதரவு சிகிச்சையும் அதிலேயே சேர்ந்திருக்கின்றன. 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் துறைகளிடைக் குழு இதற்கு விருது தந்தது. 2025 ஆகஸ்டில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் வந்தது. ஆக, திசை மாற வேண்டும் என்பதில் இங்கும் இப்போது கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு அளவில் இருக்கிறது. கேரளத்தைப் பார்த்து ஊராட்சிக்கு ஒரு நர்ஸ் என்று இங்கே கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேரளத்தில் கிராம ஊராட்சிகள் 941. ஒவ்வொன்றிலும் சராசரியாக இருபத்தைந்தாயிரம் பேருக்கு மேல். நம் கணக்கில் அது ஒரு பேரூராட்சி. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் சுமார் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. ஒன்றுக்குச் சராசரி மூவாயிரம் பேர். ஒரு நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்கும் வருமானமோ, அதற்குப் போதுமான நோயாளிகளோ ஓர் ஊராட்சியில் இருக்காது. இங்கே பொருத்தமான அலகு ஊராட்சி ஒன்றியம்தான். ஆனால் ஒன்றியத்தின் கிராமப்புற மக்கள் தொகை சராசரி ஒரு லட்சத்தை நெருங்குகிறது. ஒன்றியத்துக்கு ஓர் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் என்று அமர்த்தினால், கேரளத்து நர்ஸ் பார்ப்பதைப் போல நான்கு மடங்கு மக்களை அவர் பார்க்க வேண்டும். இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலைக்கிராமத்து வீட்டுக்கு அவர் எப்போது வருவார்?

அடுத்தது தொண்டர். மக்களைத் தேடி வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் பெயரளவில் தன்னார்வலர்கள். நடைமுறையில் குறைந்த ஊக்கத்தொகைக்கு முழு வேலை பார்க்கும் ஏழைப் பெண்கள். மலப்புறத்து ஓய்வு பெற்ற வாத்தியார் தன் பென்ஷனில் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் தருவதும், குடும்பத்தை ஓட்ட வேண்டிய ஒரு பெண் நாள் முழுக்க வீடு வீடாக நடப்பதும் ஒன்றல்ல. அந்தப் பெண்ணுக்குத் தேவை பாராட்டு விழா அல்ல, ஊதிய விகிதம். உண்மையான தொண்டர்கள் தனியாக வர வேண்டும். நூலக வாசகர் வட்டம், ஓய்வூதியர் சங்கம், கோயில் கமிட்டி, ஜமாத், பங்குப் பேரவை, ரசிகர் மன்றம் எல்லாவற்றிலும் ஆள் இருக்கிறார்கள். ரத்ததான முகாம் நடத்தத் தெரிந்த ஊர்களுக்குக் கட்டில் புரட்டக் கற்றுக்கொடுக்கப் பதினாறு மணி நேரம் போதும்.

மார்ஃபின் பற்றியும் கேட்க வேண்டும். சட்டம் 2014-இலேயே திருந்திவிட்டது. உங்கள் மாவட்டத்தில் எந்தெந்த அரசு மருத்துவமனை அங்கீகாரம் பெற்று மார்ஃபின் மாத்திரையை இருப்பில் வைத்திருக்கிறது என்பது தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு பக்க மனுவில் கேட்கக்கூடிய கேள்வி. 2012-இல் மத்திய அரசு தேசிய ஆதரவு சிகிச்சைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதற்கென்று தனி நிதி ஒதுக்கவில்லை. மாநிலங்கள் தேசிய நலவாழ்வுத் திட்டத்தில் கேட்டுப் பெற வேண்டும். கேட்ட மாநிலத்துக்குக் கிடைக்கும், கேட்காததற்குக் கிடைக்காது.

ஆகவே இந்த அவையில் இருக்கும் ஒன்றியக் கவுன்சிலர்களுக்கும் ஓய்வு பெற்ற அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயங்களைத் தீர்மானமாகக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். ஒன்றியத்துக்கு ஒன்று என்று நிற்காமல் நான்கு செவிலியர் பணியிடங்களை உருவாக்குவது, அதுவும் காலமுறை ஊதியத்தில். படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுப் பெண்ணுக்கு, ஊரக வேலை உறுதித் திட்டத்தின் தினக்கூலிக்கு நாளுக்கு நாள் குறையாத கணக்கில் மாதாந்திரத் தொகை. பென்ஷன், ரேஷன், ஆயுள் சான்று மூன்றுக்கும் படுத்த படுக்கையாக இருப்போரின் பெயர்ப்பட்டியலைச் செவிலியரின் பதிவேட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. மூன்றாவதற்குச் செலவே கிடையாது. ஒரு சுற்றறிக்கை போதும். அதனால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.